தண்ணீர் திரும்பாத பள்ளம்

தாழைத்துறைக் கடலில் ஒரு புதன்கிழமை காலை பள்ளம் விழுந்தது. விழுந்த பள்ளத்துக்குள் தண்ணீர் திரும்பிப் போகவில்லை.

முதலில் பார்த்தவன் பிலவேந்திரன். வள்ளத்தில் உட்கார்ந்து தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவனுக்கு முன்னால், ஒரு கூப்பிடு தூரத்தில், கடல் உலை கொதிப்பதுபோலக் கொதித்தது, வெள்ளை வெள்ளையாய் நுரைத்தது, அழுகிய முட்டையும் சதுப்புச் சேறும் கலந்த மாதிரி ஒரு வாடை கிளம்பி அவன் மூக்கில் ஏறியது. அவன் துடுப்புப் போட்டுப் பின்வாங்கி நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே நுரை அடங்கியது, கலங்கிய சேறு நீரோட்டத்தோடு வடக்கே போனது, போனபின் பார்த்தால் அந்த இடத்தில் கடல் இல்லை. மாதா கோயில் வளாகம் அளவுக்கு வட்டமாக ஒரு திறப்பு இருந்தது. சுற்றிலும் தண்ணீர் கிணற்றுச் சுவர்போல நின்றது. ஒரு பனை உயரத்துக்குக் கீழே, பெரிய சட்டியை நிமிர்த்தி வைத்த மாதிரி, சேற்றுத் தரை வெயிலில் மினுங்கிக்கொண்டு கிடந்தது. பிலவேந்திரன் எட்டிப் பார்த்தான், கரைக்கு வந்தான், வள்ளத்தை மணலில் ஏற்றினான், அந்தப் பக்கம் வலை போட வேண்டாம், கீழே விழுந்துவிடும் என்று மட்டும் சொன்னான்.

ஊர் போய்ப் பார்த்தது. தண்ணீர்ச் சுவருக்கு அந்தப் பக்கம் நீந்தி வந்த மீன்கள் மூக்கை வெளியே நீட்டிக் காற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போயின. கவனமில்லாத சில, சுவரைத் தாண்டி வந்து தரையில் விழுந்து துள்ளின. அப்படி விழுகிற மீன் யாருக்குச் சொந்தம் என்பதுதான் ஊருக்கு எழுந்த முதல் கேள்வி. முதலில் எடுக்கிறவருக்கு என்றார் மாதா கோயில் பங்குச்சாமி. இல்லை, விதவைகளுக்கு என்றது ஊர்க் கமிட்டி. கமிட்டி சொன்னதே நின்றது. அதிகாரி ஒருவர் வந்து, இது கடலா நிலமா என்று கேட்டு, கடல் என்றால் ஒரு துறைக்கும் நிலம் என்றால் வேறொரு துறைக்கும் எழுத வேண்டும் என்று விளக்கி, இரண்டுமாக இருக்கிற பட்சத்தில் எழுத இடமில்லை என்று திரும்பிப் போனார்.

மாசி பிறப்பதற்குள், பள்ளத்தின் ஓரத்தில் நங்கூரம் போட்ட வள்ளத்திலிருந்து நூலேணி தொங்கவிட்டார்கள். பெண்கள் கீழே இறங்கிக் கருவாடு காயப்போட்டார்கள். அங்கே காக்கையும் இல்லை நாயும் இல்லை, உச்சி வெயில் நேராக இறங்கியது, மற்ற நேரமெல்லாம் நீர்ச்சுவரிலிருந்து குளிர்ச்சி வந்தது. ஆண்கள் சீட்டு விளையாடினார்கள். கரையில் தூங்காத கைக்குழந்தைகள் அங்கே தூங்கின. இரண்டு கல்யாணப் பேச்சு அங்கே முடிந்தது, ஒரு பேச்சு அங்கேயே முறிந்தது. பீடி பற்றவைக்கக் கூடாது, அடுப்பு மூட்டக் கூடாது என்பது மட்டும் கட்டுப்பாடு. சேற்றிலிருந்து இன்னும் சின்னச் சின்னக் குமிழ் வந்து வெடித்துக்கொண்டிருந்தது, அந்தக் காற்று தீப்பிடிக்கும் என்று சொல்லியிருந்தார் கடல் ஆராய்ச்சிக்காக வந்து பங்குச்சாமி வீட்டில் தங்கியிருந்த அமுதவல்லி. அதனால் டீயைக் கரையில் போட்டுப் பிளாஸ்கில் கொண்டுவந்தார்கள். மேலே அலை ஓடும் சத்தம், கூரைமேல் மழை நடப்பதுபோல எப்போதும் கேட்டுக்கொண்டிருந்தது. சில நாளில் அதுவும் யார் காதிலும் விழவில்லை.

பள்ளத்தின் சரிவில் சேறு காய்ந்து வெடித்துப் பாளம் பாளமாக உதிர ஆரம்பித்தபோதுதான் வள்ளம் தெரிந்தது. முதலில் மூக்கு மட்டும், பிறகு பச்சைப் பெயின்ட் அடித்த ஒரு பக்கம், பிறகு அதில் வெள்ளையில் எழுதிய பெயர். அலங்காரி என்று இருந்தது. கருவாடு திருப்பிப்போட்டுக்கொண்டிருந்த பெண்கள் படித்துப் பார்த்தார்கள். ஒருத்தி ஏணியில் ஏறிப்போய் வியாகுலத்தைக் கூட்டிவந்தாள்.

வியாகுலமேரி இன்னாசியின் மனைவி. தாழைத்துறையில் இன்னாசி பெயரைத் தெரியாதவர்கள் கிடையாது. சின்ன மகள் பிலோமி பால்குடி மறக்காத வயதில், பனி மூடிய ஒரு காலையில் அலங்காரியில் தனியாகப் போன இன்னாசி திரும்பவில்லை. அவனும் வரவில்லை, அவன் வள்ளத்தின் ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை. அந்தக் காலையில் அந்த வழியாகப் போனது பக்கத்து ஊரான பெரியமுனையின் விசைப்படகு ஒன்று. அதை ஓட்டிவந்த தொபியாஸ், பனிக்குள் ஏதோ அடியில் இடித்த மாதிரி இருந்தது என்று தன் வாயாலேயே சொன்னான். அதற்குமேல் யாரும் எதையும் கேட்கவில்லை. இரண்டு ஊருக்கும் அடிதடி, படகுகள் எரிந்தன, வலைகள் எரிந்தன, தொபியாஸ் ஜெயிலுக்குப் போனான். கடைசியில் அதிகாரிகள் முன்னால் பேசி ஓர் எல்லை வகுத்தார்கள். தாழைத்துறைக் கோயில் கோபுரம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்குள் பெரியமுனையின் விசைப்படகுகள் வரக்கூடாது. இன்னாசிக்காகக் கிடைத்த எல்லை. அதற்குள்தான் தாழைத்துறையின் சின்ன வள்ளங்கள் அன்றிலிருந்து பிழைத்தன. அதனால் கரையேறும் ஒவ்வொரு வள்ளமும் வியாகுலத்துக்கு ஒரு கை மீன் கொடுத்தது, வருஷா வருஷம் ஊரே கூடி இன்னாசிக்குப் பூசை வைத்தது, எந்தக் கூட்டத்திலும் அவளுக்கு முன்வரிசையில் இடம் இருந்தது.

அவளுக்கும் ஒரு வேலை இருந்தது. தொபியாஸை வெறுப்பது. அடுப்பில் தீ அணையாமல் பார்த்துக்கொள்கிற மாதிரி அதைப் பார்த்துக்கொண்டாள். தொபியாஸின் மனைவி காய்ச்சலில் இறந்துபோனாள் என்று கேள்விப்பட்ட அன்றைக்கு அவள் வீட்டில் ஒரு ஆழாக்கு அரிசி கூடுதலாக வெந்தது.

இப்போது கடலின் அடியில் நின்று அலங்காரியைப் பார்த்தாள். ஆண்கள் மண்வெட்டியைத் தள்ளி வைத்துவிட்டு, கையாலேயே சேற்றை வழித்து, வள்ளத்தை முழுதாக வெளியே எடுத்திருந்தார்கள். இன்னாசி அதில் இல்லை. கடல் அவனை எங்கேயோ கூட்டிப்போயிருந்தது. வலை மடித்தபடி இருந்தது. சோற்றுத் தூக்குச்சட்டி மூடி கழலாமல் இருந்தது. பலகை ஒன்றுகூட உடைந்திருக்கவில்லை, ஓர் ஆணிகூட விலகியிருக்கவில்லை. யாரோ தொட்டிலில் குழந்தையைக் கிடத்துகிற மாதிரி வள்ளத்தைக் கடலின் அடியில் கிடத்தியிருந்தார்கள்.

சீட்டு விளையாடியவர்கள் சீட்டைக் கவிழ்த்து வைத்தார்கள். வியாகுலம் பள்ளத்தின் மறுபக்கம் சேற்றை அளந்துகொண்டிருந்த அமுதவல்லியிடம் போனாள்.

அமுதவல்லி அவசரப்படாமல் சொன்னார். வெகு காலத்துக்கு முன்னால் கடல் இவ்வளவு உயரத்தில் இல்லை, நாம் நிற்கிற இந்த இடம் கரையாக இருந்தது, ஆறு வந்து சேர்கிற சதுப்புக் காடாக இருந்தது. பிறகு கடல் ஏறியது, காட்டின்மேல் சேறு படிந்தது, சேற்றின்மேல் சேறு. அடியில் மக்கிய இலையும் வேரும் காற்றாக மாறின. மேலே போக வழியில்லாமல் அந்தக் காற்று சேற்றுக்கு அடியில் சேர்ந்துகொண்டே இருக்கும், சேறு தாங்குகிறவரை தாங்கும், தாங்க முடியாத ஒரு நாளில் பிய்த்துக்கொண்டு கிளம்பும். கிளம்பும்போது சேற்றையும் அள்ளிக்கொண்டு போகும், நீரோட்டம் அதைக் கரைத்துக்கொண்டு போகும், போன இடத்தில் பள்ளம் மிஞ்சும். கரையை ஒட்டிய ஆழமில்லாத கடல் முழுக்க இப்படிப் பள்ளங்கள் இருக்கின்றன, யாரும் இறங்கிப் பார்க்காததால் தெரிவதில்லை. விழுந்த இடத்திலேயே மறுபடியும் விழுவதும் உண்டு. இந்தப் பள்ளத்தில் மட்டும் தண்ணீர் ஏன் திரும்பவில்லை என்பது தனக்குத் தெரியாது என்றும் சொன்னார்.

“அந்தக் காத்து கிளம்புறப்ப மேல வள்ளம் இருந்தா?” என்று கேட்டாள் வியாகுலம்.

“தண்ணி நுரையாயிரும்மா. நுரை எதையும் தாங்காது. வள்ளம் இருந்த இடத்துலயே நேரா கீழே இறங்கிரும். கத்தக்கூட நேரம் இருந்திருக்காது.”

“பெரிய படகு பக்கத்துல போனா?”

“ஓரமாப் போயிருந்தா ஒரு குலுக்கு குலுக்கியிருக்கும். அடியில ஏதோ இடிச்ச மாதிரி இருந்திருக்கும்.”

வியாகுலம் தலையாட்டினாள். ஏணியில் ஏறி, வள்ளத்தில் கரைக்கு வந்து, வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் மதியம் கஸ்பார் வந்தார். கஸ்பார் இன்னாசிக்கு மூத்தவர், ஊர்க் கமிட்டித் தலைவர், தம்பி போனபிறகு வியாகுலத்தின் பிள்ளைகளுக்குத் தகப்பன் மாதிரி நடந்துகொண்டவர். அவள் வைத்த சோற்றைப் பிசைந்தபடி வெகுநேரம் சாப்பிடாமல் இருந்தார். பிறகு பேசினார். கமிட்டி கூடிப் பேசியிருக்கிறது. ஆராய்ச்சிக்கு வந்த அந்த அம்மா தன் வேலை முடிந்து இரண்டொரு நாளில் போய்விடுவார். பெரியமுனைக்காரர்கள் யாரும் பள்ளத்துக்கு வருவதில்லை, ஆனால் ஒரு நாள் வருவார்கள். வருவதற்கு முன்னால் கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய் வலது பக்கப் பலகையில் ஒரு இடி இடித்துவிட வேண்டும். அதைத் தானே செய்துவிடுவதாகச் சொன்னார். வேறு யாரையும் தம்பி வள்ளத்தின்மேல் கை வைக்க விடமாட்டார்.

“எல்லை அந்த உடைஞ்ச வள்ளத்து மேலதான் நிக்குது, வியாகுலம்,” என்றார். “வள்ளம் உடையலைன்னா எல்லை உடைஞ்சிரும். நம்ம சனம் என்ன செய்யும்? நீ ஒண்ணும் செய்ய வேண்டாம். நாளைக்குக் காலையில அங்க வராம இருந்தாப் போதும்.”

சொல்லிவிட்டு அழுதார். அவர் கெட்டவர் இல்லை. விசைப்படகுகள் உள்ளே வந்தால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் அவர் கை கழுவத் தண்ணீர் ஊற்றினாள்.

அவர் போனபின் வியாகுலம் வீட்டைப் பெருக்கினாள், பெருக்கிய வீட்டை மறுபடி பெருக்கினாள். இத்தனை வருஷமும் அந்த வீட்டில் அவளும் பிள்ளைகளும் மட்டும் இருந்ததில்லை, தொபியாஸும் இருந்தான். சோறு பொங்குகிறபோது இருந்தான், பிள்ளைகளுக்குத் தலை வாரும்போது இருந்தான், ஜெபமாலை உருட்டும்போது ஒவ்வொரு மணிக்கும் நடுவில் இருந்தான். இன்றைக்கு அவனை வீட்டை விட்டு அனுப்ப வேண்டியிருந்தது. அனுப்பிவிட்டால் வீட்டில் எவ்வளவு இடம் காலியாகும் என்று நினைத்தபோது அவளுக்குப் பயமாக இருந்தது. கஸ்பார் சொன்னபடி வீட்டிலேயே இருந்துவிட்டால் எல்லாம் இருந்தபடி இருக்கும். மீன் வரும், பூசை நடக்கும், முன்வரிசை நாற்காலி இருக்கும், தொபியாஸும் இருப்பான்.

விடிந்ததும் கரையோரமாகவே நடந்து பெரியமுனைக்குப் போனாள். கல்யாணமாகி வந்த பிறகு அந்த ஊருக்குள் அவள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை.

தொபியாஸ் ஐஸ் கம்பெனியில் பாளம் உடைத்துக்கொண்டிருந்தான். ஜெயிலிலிருந்து வந்த பிறகு அவன் கடலுக்குப் போவதில்லை. அவள் நினைத்துவைத்திருந்ததைவிட வயதானவனாக, குள்ளமாக இருந்தான். அவளைப் பார்த்ததும் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, அடி வாங்கத் தயாராக நிற்கிறவன்போலக் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றான். அவள் வள்ளம் கிடைத்ததைச் சொன்னாள், பலகை உடையாமல் இருப்பதைச் சொன்னாள், கடலுக்கடியில் காற்று சேர்ந்து பிய்த்துக்கொண்டு கிளம்புவதைச் சொன்னாள்.

“இல்ல தாயி, நான்தான் இடிச்சேன்,” என்றான் தொபியாஸ்.

“நீங்க இடிக்கல.”

“எனக்குத் தெரியும் தாயி. காலுக்குக் கீழ பலகை உடையுறது தெரிஞ்சது. அவரு மொகத்தப் பாத்தேன். தினமும் பாக்கேன்.”

அவன் பொய் சொல்லவில்லை. முதல் நாள் இடித்த மாதிரி இருந்தது என்றுதான் சொன்னான். பிறகு ஊர் சொன்னது, போலீஸ் சொன்னது, ஜெயிலில் படுத்துக்கொண்டு அதையே நினைத்தது, எல்லாம் சேர்ந்து பனிக்குள் அவன் பார்க்காத ஒரு முகத்தை அவனுக்குக் காட்டியிருந்தது. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் அதைச் சொல்லி அழுதிருக்கிறான். மனைவி காய்ச்சலில் போனபோதுகூட, இது அதற்கான கணக்கு என்று ஏற்றுக்கொண்டிருக்கிறான்.

“வந்து பாருங்க அண்ணே,” என்றாள் வியாகுலம். அண்ணே என்ற சொல் தன் வாயிலிருந்து வந்ததை அவளே கேட்டாள். “வந்து தொட்டுப் பாருங்க.”

பிலவேந்திரன்தான் அவர்களை வள்ளத்தில் கொண்டுபோனான். வழியில் துடுப்பை ஒருமுறை நிறுத்தி, தொபியாஸுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தான். பள்ளத்தில் அன்றைக்கும் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. கஸ்பார் கடப்பாரையோடு அலங்காரியின் பக்கத்தில் நின்றார். வெகுநேரமாக நின்றுகொண்டிருந்தார், இன்னும் இடித்திருக்கவில்லை. ஏணியில் முதலில் வியாகுலம் இறங்குவதையும் பின்னால் தொபியாஸ் இறங்குவதையும் ஊர் பார்த்தது. இறங்கி முடிக்கிறவரை யாரும் அசையவில்லை.

தொபியாஸ் வள்ளத்துக்குப் போனான். மூக்கிலிருந்து ஆரம்பித்து உள்ளங்கையால் தடவிக்கொண்டே போனான், பின்பக்கம் சுற்றி மறுபக்கம் வந்தான், குனிந்து அடிப்பக்கம் கை விட்டுத் துழாவினான், ஒவ்வொரு பலகையும் அடுத்த பலகையைச் சேர்கிற இடத்தில் விரலை வைத்து அழுத்திப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து வியாகுலத்தைப் பார்த்தான்.

“இடிக்கலையே,” என்றான். துக்கச் செய்தி சொல்கிறவனின் குரல் அது.

கஸ்பார் கடப்பாரையைத் தூக்கினார். வியாகுலம் வலது பக்கப் பலகையில் கையை வைத்துக்கொண்டாள். தடுக்கிற மாதிரி இல்லை, சும்மா வைத்திருந்தாள்.

“அடிக்கணும்னா அடிங்க அத்தான். ஆனா இவரு பாத்தாச்சு. நானும் பாத்தாச்சு.”

கடப்பாரை கொஞ்ச நேரம் மேலேயே இருந்தது. பிறகு கஸ்பார் அதைச் சேற்றில் ஊன்றி அதன்மேல் சாய்ந்துகொண்டார்.

அப்போதுதான் காலடியில் ஈரம் வந்தது. கிணறு தோண்டும்போது ஊற்றுக் கண் திறக்கிற மாதிரி, பள்ளத்தின் நடுவிலிருந்து தண்ணீர் நிதானமாக ஊறியது. யாரும் பதறவில்லை. பெண்கள் கருவாட்டைப் பாயோடு சுருட்டினார்கள், குழந்தைகளை எழுப்பித் தோளில் போட்டார்கள், ஆண்கள் பிளாஸ்கையும் சீட்டுக்கட்டையும் எடுத்துக்கொண்டார்கள், ஒருவர் பின் ஒருவராக ஏணியில் ஏறினார்கள், அமுதவல்லி கடைசிச் சேற்றை ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு ஏறினார். தொபியாஸ் மட்டும் ஏறவில்லை. அலங்காரிக்குள் ஏறி உட்கார்ந்து வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான், அவனை விட்டுவிட்டுப் போக முடியாமல் வியாகுலமும் ஏறினாள். முழங்கால் தண்ணீரில் நின்ற கஸ்பார் ஏணியைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார், வள்ளத்தில் கால் வைத்தார். தண்ணீர் ஏற ஏற அலங்காரி சேற்றிலிருந்து விடுபட்டு ஒரு பக்கமும் சாயாமல் எழுந்தது. மீன்கள் திரியும் சுவர்களுக்கு நடுவே, கிணற்றில் வாளி ஏறுவதுபோல அந்த மூன்று பேரும் மெல்ல ஏறி வந்தார்கள், யாரும் யாரையும் பார்க்கவில்லை. கடலும் கடலும் சேர்ந்து மட்டமானபோது, வேறு வழியில்லாமல் ஒரே வள்ளத்தில் மூன்று பேரும் கரைக்கு வந்தார்கள்.

கஸ்பார் பயந்ததும் நடந்தது. செய்தி பெரியமுனைக்குப் போன வாரமே இரண்டு விசைப்படகுகள் கோபுரம் தெரிகிற தூரத்துக்குள் வந்து வலை இழுத்துப் போயின. தாழைத்துறையில் மீன் குறைந்தது. வியாகுலத்துக்கு ஒரு கை மீன் கொடுத்த வள்ளங்களில் பாதி நிறுத்திக்கொண்டன. சிலர் அவள் வருகிற வழியில் வராமல் சுற்றிப் போனார்கள். கஸ்பார் தவக்காலம் முடிகிறவரை அவள் வீட்டில் கை நனைக்கவில்லை.

தொபியாஸுக்கும் உடனே நிம்மதி வந்துவிடவில்லை. தினமும் வந்த முகம் வராமல் போனபோது அவனுக்குத் தூக்கம் போயிற்று. பிறகு ஒரு நாள் அவனாகவே பெரியமுனை விசைப்படகுக்காரர்களின் கூட்டத்துக்குப் போய், எல்லையைத் தாண்ட வேண்டாம் என்று கேட்டான். அவர்கள் சிரித்தார்கள். யாரும் இடிக்கவில்லை என்று தெரிந்த பிறகு எதற்கு எல்லை என்றார்கள்.

“இடிச்சதுக்குத் தண்டனையா இருந்துச்சு இவ்வளவு நாளும்,” என்றான் தொபியாஸ். “யாரும் இடிக்கல. அதனால இப்ப கேட்டுக்கிறேன். அவங்களும் பிழைக்கணும்.”

சிலர் கேட்டார்கள், சிலர் கேட்கவில்லை. கேட்காதவர்கள் இன்றைக்கும் வருகிறார்கள். கேட்டவர்கள் வருவதில்லை, வருகிறவர்களோடு சில நாள் சண்டையும் போடுகிறார்கள். தாழைத்துறை அதில் பிழைத்துக்கொண்டிருக்கிறது, முன்பு போல இல்லை, ஆனாலும் பிழைத்துக்கொண்டிருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து வியாகுலம் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். பிலோமி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அப்பாவைப் பற்றிச் சொல்லச் சொன்னாள். வழக்கமாகக் கேட்பதுதான், வழக்கமாக அம்மா சொல்வதும் ஒன்றுதான், பனி மூடின காலையில் ஒரு விசைப்படகு வந்தது என்று அது ஆரம்பிக்கும். வியாகுலம் வாயைத் திறந்தாள். விசைப்படகு இல்லை. அது இல்லாமல் அந்தக் கதை எங்கிருந்து ஆரம்பிக்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை. கையிலிருந்த மீனைத் திருப்பி மறுபக்கம் கழுவினாள்.

“உங்கப்பாவுக்கு நீச்சல் வராது,” என்றாள்.

பிலோமி நம்பவில்லை. கடலுக்குப் போகிறவருக்கு எப்படி வராமல் இருக்கும் என்று கேட்டாள். வராது, ஊருக்கே தெரியும், தண்ணீரில் விழுந்தால் கையைக் காலை அடிப்பாரே தவிர ஒரு முழம் முன்னால் போகமாட்டார், கல்யாணமான புதிதில் என்னிடம் மட்டும் மறைத்தார், ஒரு நாள் வள்ளத்தைத் தள்ளும்போது இடுப்பளவு தண்ணீரில் விழுந்து எழுந்திருக்கத் தெரியாமல் என் சேலையைப் பிடித்துக்கொண்டார் என்றாள். சொல்லச் சொல்லப் பிலோமி சிரித்தாள். வியாகுலமும் சிரித்தாள், சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவளுக்குக் கண்ணீர் வந்தது. எத்தனையோ தடவை அழுதிருக்கிறாள், தொபியாஸை நினைத்து அழுதிருக்கிறாள். இன்னாசியை நினைத்து அழுவது இதுதான் முதல் தடவை. மீன் கழுவின கையால் துடைக்க முடியாமல் முகத்தை மகளிடம் நீட்டினாள். பிலோமி தன் பாவாடை நுனியால் துடைத்துவிட்டு, அப்புறம் என்றாள்.